ஸ்டெனோ அக்காவின் பத்தாவது அமர்வு

ஸ்டெனோ அக்கா அன்று தேறியே ஆக வேண்டும். சமரசப் பயிற்சியில் நாற்பது மணி நேர வகுப்பை முடித்துவிட்டார். ஒன்பது அமர்வுகளில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தும் விட்டார். பத்தாவதைத் தானே நடத்தித் தேர்வாளரிடம் கையெழுத்து வாங்கினால்தான் நீதிமன்றச் சமரசர் என்ற சான்றிதழ். தவறினால் மறுபடி முதலிலிருந்து. அடுத்த மாதம் அக்காவுக்கு அறுபது; அதற்கு மேல் சேர்க்க மாட்டார்கள். கூடப் படித்த வக்கீல் நான்; அன்று துணைக்குப் போயிருந்தேன்.

இருபத்தாறு வருடம் நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து, சாட்சிகள் சொன்னதையெல்லாம் சுருக்கெழுத்தில் எழுதியவர். "படிங்க" என்று மேலிருந்து குரல் வந்தால் படிப்பார். சாட்சி தும்மினாலும் எழுதிவிடுவார் என்று கிண்டல் செய்வோம்.

வந்தது ஒரு மாடிப்படி வழக்கு. அண்ணன் கீழ்வீடு, தம்பி மேல்வீடு. படி யாருக்கு என்பதில் நாலு வருடமாக முகம் பார்ப்பதில்லை. அக்கா தம்பியைத் தனியறைக்கு அழைத்துப் போனார். நானும் தேர்வாளரும் அண்ணனோடு இருந்தோம். தனியாகச் சொன்னதை, சொன்னவர் சம்மதமில்லாமல் அடுத்தவரிடம் சொல்லக் கூடாது. குறிப்பையும் கிழித்துவிட வேண்டும். முதல் நாளே மண்டையில் ஏற்றிய விதி இது.

அக்கா தம்பியோடு திரும்பி வந்தபோது கையில் நோட்டு இருந்தது, நாலு பக்கம் குறிப்போடு. கிழிக்கவில்லை! அடப்பாவமே என்று கண்ஜாடை காட்டினேன். பார்த்தால்தானே.

தேர்வாளர் போன் பேச வெளியே போன நேரம். அண்ணன் மேஜையைத் தட்டினார். "இவன் உள்ள என்ன சொன்னான்? எழுதியிருக்கீங்கல்ல, படிங்க."

அக்காவின் விரல் தானாகப் பக்கத்தைப் புரட்டியது. "அண்ணன்தான் அம்மாவை..."

நின்றுவிட்டார். தம்பியின் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மாவை என்ன?" அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

அக்கா நாலு பக்கத்தையும் உருவிச் சுக்குநூறாகக் கிழித்தார். "இது உங்க தம்பியோட பேச்சு. அவர் சொன்னா உண்டு. நான் வாயைத் திறந்ததே தப்பு. உட்காருங்க."

அண்ணன் உட்காரவில்லை. பிறகு தம்பி தரையைப் பார்த்தபடி சொன்னான். "அம்மாவைக் கடைசி வரைக்கும் நீதாண்ணே பார்த்துக்கிட்டே. உன்கிட்ட நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல."

அண்ணன் அழுதுவிட்டார். அரை மணியில் படி பொதுவென்று கையெழுத்தானது.

திரும்பி வந்த தேர்வாளர் படிவத்தை எடுத்தார். ரகசியம் காக்கப்பட்டதா என்று ஒரு கேள்வி. "ஆமா சார், நானேதான் சொன்னேன்," என்றான் தம்பி. நானும் வேகமாகத் தலையாட்டினேன்.

"இல்ல சார்," என்றார் அக்கா. "ரெண்டு வார்த்தை படிச்சுட்டேன்."

வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன குறைந்துபோகும்? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தேர்வாளர் 'இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போடாமலே படிவத்தை மூடினார்.

படியிறங்கும்போது அண்ணன் பின்னாலேயே வந்தார். "நாலு பக்கம் கிழிச்சீங்களேம்மா. அவன் சொன்னது ஒரு வரி. மீதியில என்ன இருந்துச்சு?"

"மறந்துபோச்சுப்பா."

இருபது வருடத்துக்கு முந்தைய வழக்கு எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவர் அக்கா. மீதியைச் சொல்லச் சொல்லித் தெருமுனை வரை நானும் கெஞ்சிப் பார்த்தேன். "பஸ் வருதுடா தம்பி," என்று சொல்லி ஏறிவிட்டார்.