கதவைப் பார்த்தே படுத்த கழுத்து

சில மாதம் முன்பு வரை, இடப்பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் நான் முழு உடம்போடு திரும்புவேன். கழுத்து மட்டும் தனியாகத் திரும்பாது. லிஃப்டில் பார்க்கும் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் இதைப் பெரிய மரியாதை என்று எடுத்துக்கொண்டு, தானும் முழுதாகத் திரும்பி நின்று நெஞ்சில் கை வைப்பார். சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறவனுக்கு இது பிழைப்பில் மண் விழுகிற காரியம். இடப்பக்கம் சைக்கிள் வருகிறதா என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தாக வேண்டும். அடுத்த மாதக் கம்பெனிப் பரிசோதனையில் கழுத்து திரும்பாவிட்டால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். இந்த வயதில் வேறு வேலை கிடைக்காது. பயம் வந்திருக்க வேண்டும், எனக்கு ஒன்றும் வரவில்லை. கழுத்தோடு சேர்ந்து உள்ளேயும் ஏதோ மரத்துப்போயிருந்தது.

அரசாங்கப் பாலிகிளினிக்கில் பிசியோதெரபி பார்க்கும் சீனப் பெண், வீட்டில் எப்படிப் படுப்பேனோ அப்படியே படுத்துக் காட்டச் சொன்னாள். தலையணையைத் தள்ளிவிட்டுக் குப்புறப் படுத்தேன். முகம் தானாக வலப்பக்கம், அறைக் கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

“எப்பவும் இப்படித்தானா, அங்கிள்? கதவுல என்ன இருக்கு? மகன் லேட்டா வருவானா?”

எனக்கு மகன் கிடையாது. ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டினேன். உண்மையைச் சொல்ல என் இங்கிலீஷ் போதாது.

உண்மை இதுதான். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், மிராசுதாரின் மனைக்கட்டில் எங்கள் குடிசை. அப்பா அவரிடம் பண்ணையாள். நான் சின்னப் பையனாக இருந்தபோது, கூலிநெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெருவே அறுப்புக்குப் போகாமல் நின்றது. வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தார்கள், பிறகு எங்களைக் காலி பண்ணச் சொன்னார்கள். குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று புதிய ஆட்சி சட்டம் போட்டுவிட்டதாக மேடைகளில் பேசினார்கள். பட்டாதான் கைக்கு வரவில்லை. விடியலில் ஆட்கள் வந்து குடிசையைப் பிரித்துப் போடுவது நடந்துகொண்டிருந்தது. அடுத்த தெருக் குடும்பம் ஒன்று பானை சட்டியோடு வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். அதனால் எங்கள் தெருவில் எல்லாருக்கும் ஒரே படுக்கைதான். குப்புறப் படுத்து, ஒரு காதைத் தரையில் வைத்து, முகத்தை வாசலை மறைத்த கீற்றுப் படலைப் பார்த்துத் திருப்பிக்கொள்ள வேண்டும். வருகிற காலடி மண்ணில்தான் முதலில் கேட்குமாம். தலையணை வைத்தால் காது மண்ணில் படாது. நான் மல்லாந்துவிட்டால் அம்மா தோளில் தட்டுவாள்.

“படலப் பாத்துப் படுடா தம்பி.”

பட்டா வந்தது. குடிசை இருந்த இடத்தில் கல்வீடு எழும்பியது, படல் போய் இரும்புக்கதவு வந்தது. இனிமேல் திரும்பிப் படுக்கலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அதைச் சொன்னது பாலிகிளினிக்கின் இந்தச் சீனப் பெண்தான். ராத்திரி முழுக்க ஒரே பக்கம் முறுக்கி வைத்தால் எந்தக் கழுத்தும் இறுகுமாம். மல்லாந்து படுத்து, கழுத்துக்கும் மெத்தைக்கும் நடுவில் உள்ள சந்தில் துண்டைச் சுருட்டி வைக்கச் சொன்னாள். ஒருக்களித்தால் தோள் உயரத்துக்குத் தலையணை வேண்டும். காலையில் தாடையை மெல்ல உள்ளே இழுத்து, பிறகு காதைத் தோள்பக்கம் சாய்க்க வேண்டும், வலித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். படுக்கக் கற்றுக்கொள்ள ஃபாரின் போக வேண்டியிருந்ததா என்று ஊரில் நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்துக்கொண்டேதான் செய்தேன். பரிசோதனை நாளில் டாக்டர் இடப்பக்கம் பார்க்கச் சொன்னார், கழுத்து திரும்பியது. வேலை தங்கியது. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன், அதுவும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் போட்டேன். அவளுக்கும் கழுத்துப் பிடிப்பு.

“மல்லாந்து படும்மா. கழுத்துக்கடியில துண்டச் சுருட்டி வையி.”

“நானும் மல்லாந்துட்டா படல யாரு தம்பி பாக்குறது?”

“இப்ப யாரும்மா வரப்போறா?”

“நீ நல்லாத் தூங்கு. நான் பாத்துக்கிறேன்.”

பன்னிரண்டாவது மாடியில் நான் இப்போது மல்லாந்துதான் தூங்குகிறேன். அங்கே அம்மா, என் பங்குக்கும் சேர்த்து, இரும்புக்கதவைப் பார்த்துக்கொண்டு குப்புறப் படுத்திருக்கிறாள்.