யாதொரு வில்லங்கமும் இன்றி

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர்ஸ் பிரிவில் கிளார்க்காக இருந்தேன். ரேஷன் கார்டு மனு, கரண்ட் ஆபீசுக்குப் புகார், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க விண்ணப்பம் என்று பருத்திப்பட்டில் எங்கள் தெருவில் யாருக்கு எது எழுத வேண்டியிருந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். நானும் உடனே பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவேன். 'மேற்படி', 'யாதொரு', 'இதன் மூலம்' எல்லாம் போடாமல் எனக்கு ஒரு வாக்கியமும் முடியாது. எழுதியதை உரக்கப் படித்துக் காட்டும்போது கேட்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கொழுப்பு உண்டு.

எண்பதுகளின் கடைசி அது. பஸ் நிறுத்தத்தை ஒட்டி இரண்டு போர்ஷன் உள்ள ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். பின்பக்கம் நான், என் மனைவி, கைக்குழந்தை. முன்பக்கத்தில் எங்களுக்கு ரொம்ப வருஷம் முந்தியே குடிவந்த ஓர் அக்கா. வாசலில் அடுப்பு போட்டு இட்லி விற்பார். விடிந்ததும் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் பஸ் வருவதற்குள் நின்றபடியே நாலு இட்லியை விழுங்கிவிட்டு ஓடுவார்கள். அவர் கணவர் திருமழிசையில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். வேலை இருந்தால் போவார், இல்லாவிட்டால் இல்லை. ஆக, குடும்பம் ஓடியது அந்த அடுப்பில்தான். அந்த அடுப்பு எரிந்தது அந்த வாசல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து இருந்ததால்தான். இரண்டு பெண்கள். மூத்தவள் அப்போது ஒன்பதாவது. நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம்.

அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணாத்தே என்பார். கூடவே 'நீ' என்பார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு முதல் மாதம் அந்த 'நீ' சுருக்கென்று குத்தியது. பிறகு பழகிவிட்டது. இப்போது யாராவது 'நீங்க' என்று பேசினால் என்னிடம் ஏதோ வேலை இருக்கிறது என்று தோன்றுகிறது.

வீட்டுக்காரர் பூந்தமல்லியில் இருந்தார். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் போர்ஷனுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, வீட்டை விற்கப் போகிறேன் என்றார். வாங்குகிறவர் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர்.

"பத்திரத்துல வில்லங்கம் ஒண்ணும் கெடையாது சார். ஆனாலும் குடியிருக்கிறவங்க ஒரு லெட்டர் குடுத்தா நல்லாருக்கும்னு அவர் சொல்றாரு. உங்களால வில்லங்கம் ஒண்ணும் இல்லைன்னு, சும்மா ரெண்டு வரி."

பத்திர ஆபீசில் வில்லங்கம் என்றால் ஒரு சொத்தின் மேல் இருக்கிற அடமானம், பாத்தியதை எல்லாம் என்று எனக்கு அன்று தெரியாது. எங்கள் ஊரில் வில்லங்கம் பிடித்தவன் என்றால் வம்புக்காரன். இவன் ஒரு சண்டைக்காரன், எதற்கும் எழுதி வாங்கி வை என்று யாரோ சொன்ன மாதிரி எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நாங்களா வம்பு செய்கிறவர்கள்? வாடகையை ஒரு நாள் தள்ளிக் கொடுத்திருக்கிறோமா? எங்கள் மானத்தை நிரூபிக்கிற வேகத்தில் முழுத்தாள் எடுத்து எழுத உட்கார்ந்தேன்.

"மேற்படி வீட்டை விற்பதில் குடியிருப்போராகிய எங்களால் யாதொரு வில்லங்கமும் நேராது என்றும்" என்று எழுதினேன். அவர் கேட்டது அவ்வளவுதான். ஆனால் ஓர் 'என்றும்' போட்டால் இன்னோர் 'என்றும்' போட வேண்டும், இல்லையென்றால் வாக்கியம் நொண்டும். அதனால், "வாங்குபவர் கோரும்போது எவ்விதத் தகராறுமின்றிக் காலி செய்து ஒப்படைப்போம் என்றும் இதன் மூலம் மனப்பூர்வமாக உறுதி கூறுகிறோம்" என்று முடித்தேன். அந்த இரண்டாவது பாதியை யாரும் கேட்கவில்லை. வாக்கியத்தின் அழகுக்காக நான் கொடுத்தது.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி கதவருகே வந்தாள். "உங்க பேருக்கு எழுதுங்க. அந்த அக்காவுக்கும் சேத்து எழுதுதியளே, அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?" என்றாள்.

"எல்லாம் நான் சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

தாளை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன். அக்கா மாவாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கையெழுத்து போடத் தெரியும், படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டினேன். என் வழக்கப்படி ராகம் போட்டுத்தான் படித்தேன். முதல் வரியிலேயே அவர் சிரித்துவிட்டார்.

"இதெல்லாம் எனக்கு இன்னா புரியப் போவுது அண்ணாத்தே? நீ எழுதுனா கரீட்டா தான் இருக்கும்."

மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். சாட்சி என்று எழுதி அதற்குக் கீழேயும் நான் ஒரு கையெழுத்து போட்டேன். வீட்டுக்காரர் தாளை வாங்கிப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வீடு கேட்டு எழுதிப் போட்டு ஐந்து வருஷம் காத்திருந்தேன். அடுத்த பட்டியலில் என் பெயர் வருகிறது என்று ஆபீசில் அந்த வாரம்தான் காதில் விழுந்திருந்தது. அந்த நினைப்பு உள்ளே இல்லாமல் இருந்திருந்தால் காலி செய்கிறோம் என்று என் பேனா அவ்வளவு சுலபமாக ஓடியிருக்குமா? ஓடியிருக்காது. எனக்குப் போக இடம் இருந்தது, அதனால் எல்லோருக்கும் இருக்கிறது என்று எழுதிவிட்டேன். இதைப் பல வருஷம் நான் எனக்கே ஒத்துக்கொள்ளவில்லை.

பத்திரம் பதிவான இரண்டாம் மாதம் கடைக்காரர் வந்தார். வீட்டை இடித்துவிட்டு கோடவுன் கட்டப் போவதாகச் சொன்னார். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. சட்டைப்பையிலிருந்து என் கடிதத்தின் நகலை எடுத்துக் காட்டிவிட்டு, மாதக் கடைசிக்குள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனார்.

அன்று சாயந்திரம் அக்கா எங்கள் பக்கம் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணாத்தே, நான் போவ மாட்டேன்னு சொல்ட்டுமா? இந்த ஊட்ட வுட்டா நான் எங்க அடுப்பு போடுவேன்? பெரிய பொண்ணு வேற அடுத்த வருசம் பத்தாவது."

பஸ் நிறுத்தத்தின் அருகில் வேறு வாசல் கிடைக்காது என்று எனக்கும் தெரியும். அப்போதாவது யாரிடமாவது விசாரித்திருக்கலாம். எங்கள் ஆபீசிலேயே சட்டம் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். போய்க் கேட்டால், 'நீயா இப்படி எழுதிக் கொடுத்தாய்?' என்று கேட்பார்களே என்று கேட்கவில்லை.

"கையெழுத்துப் போட்டாச்சேக்கா. எழுதிக் கொடுத்துட்டு மாத்திப் பேசினா நமக்குத்தான் அசிங்கம்" என்றேன்.

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் குவார்ட்டர்ஸ் வந்தது. இரண்டு அறை, குழாயில் தண்ணீர், வாசலில் வேப்பமரம். அக்கா குடும்பம் சென்னீர்குப்பத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. அங்கே சந்துக்குள் இருந்து யாருக்கு இட்லி விற்பது? அவர் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போனார். பெரிய பெண் பத்தாவது போகவில்லை. அம்பத்தூரில் துணி தைக்கும் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். இதெல்லாம் என் மனைவி மார்க்கெட்டில் யாரிடமோ கேட்டு வந்து சொன்னது. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஆறேழு வருஷம் கழிந்தது. அம்பத்தூரில் என் நண்பர் ஒருவர் குடியிருந்த வீட்டையும் விற்றுவிட்டார்கள். புது வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார் என்று பதறிக்கொண்டு ஒரு வக்கீலைப் பார்க்கப் போனார். துணைக்கு நானும் போனேன். வக்கீல் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"வீட்டைத்தானே வித்திருக்காங்க? உங்க குடித்தனம் அப்படியேதான் இருக்கு. பழைய ஓனர் இடத்துல புது ஓனர் வந்திருக்கார், அவ்வளவுதான். வாடகையை அவருக்குக் குடுங்க. அவர் வாங்கலைன்னா மணியார்டர் பண்ணுங்க. காலி பண்ணணும்னா, இடிச்சுக் கட்டணும்னாலும் சரி, அவர் கோர்ட்டுல காரணம் சொல்லி ஆர்டர் வாங்கிட்டு வரட்டும்."

காலி செய்கிறோம் என்று படிக்கத் தெரியாத ஒருவர் ஏற்கெனவே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகும் என்று, யாருக்கோ கேட்பது போல் கேட்டேன்.

"அந்த வெள்ளைத் தாளை வெச்சுக்கிட்டு ஒருத்தரை வெளியே தள்ள முடியுமா சார்? அதுக்கும் அவர் கோர்ட்டுக்குத்தான் போகணும். போனாலும், படிக்கத் தெரியாதவங்க கையெழுத்துன்னா அது நிக்கிறதே கஷ்டம்" என்று சிரித்தார்.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் இரண்டையும் ஒருத்தனே செய்திருக்கிறேன். அந்தக் கடிதம் அக்காவை வெளியேற்றவில்லை. அதற்கு அந்த பலம் கிடையாது. அவர் வந்து நின்று கேட்டபோது, கையெழுத்துப் போட்டாச்சு என்று நான் சொன்னேனே, அதுதான் வெளியேற்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னீர்குப்பம் போனேன். ஹைவேயில் பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். அக்கா இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் சின்னப் பெண்ணை அனுப்பிக் கலர் வாங்கிவரச் சொன்னார். நான் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வக்கீல் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். நீங்கள் போயிருக்கவே வேண்டாம், நான்தான் தெரியாமல் கெடுத்துவிட்டேன் என்றேன்.

"அது தெரியும் அண்ணாத்தே" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அப்பவே தெரியும். காலைல இட்லி துன்ன வர்ற யூனியன்கார அண்ணன் சொல்லிச்சி, போவாத, உன்ன ஒருத்தனும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. நீ ஆபீசு போனப்புறம் அந்தக் கடைக்காரன் மறுக்கா வந்தப்போ நானும் அப்படித்தான் சொன்னேன். அவன் இன்னா சொன்னான் தெரியுமா? நீ போவலன்னா, சாட்சி போட்ட ஆளு மேலதான் கேசு போடுவேன், கவர்மெண்டு வேல, சீட்டு கிழிஞ்சிடும்னான். உன் ஊட்டுல அப்ப கைக்கொழந்த. எங்களுக்கு இல்லாட்டி இன்னா, எங்கனா பொழச்சிக்குவோம். உனக்கு வேல பூட்டா இன்னா பண்ணுவே?"

அன்று சாயந்திரம் அவர் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டது எனக்குக் கண்முன் வந்தது. நான் ஒரு வார்த்தை, 'இருங்க, என்ன ஆனாலும் பார்த்துக்கலாம்' என்று சொல்கிறேனா என்று பார்க்கத்தான் அவர் வந்திருக்கிறார். நான் சொல்லவில்லை. அதன் பிறகும் என் வேலையைக் காப்பாற்றத்தான் அவர் அடுப்பை அணைத்திருக்கிறார்.

"குடி அண்ணாத்தே, சூடாயிடப் போவுது" என்றார். "கோட்ரஸ் நல்லா கீதா?"

நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.