மஞ்சள் தண்ணீர்

என் மனைவிக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள் ஒரு யோசனை சொன்னார். அன்றாடம் பேசும் வாக்கியங்களை முன்கூட்டியே அவள் குரலில் பதிந்து வைத்தால், பிறகு செல்போனில் ஒரு பொத்தானை அழுத்தி அவள் பேசலாமாம்.

சேலையூர் வீட்டில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு என் லேப்டாப்பில் பதிந்தோம். தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் நிறுத்த வேண்டியிருந்தது. "காபி ஆறுது." "கேஸை மூடினீங்களா?" முதலில் பதிந்தது, "அப்பவே சொன்னேன்ல?" அதைக் கேட்காமல் எனக்கு ஒரு நாளும் கழிந்ததில்லை. "இது ஒண்ணு போதும், மிச்சத்தை அழிச்சிடுங்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஜயதசமியன்று ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். முதல் நாள் சரஸ்வதி பூஜை. வருஷா வருஷம் லேப்டாப்பின் மூடியில் ஒரு பொட்டு வைப்பதோடு சரி. அந்த வருஷம் எனக்குப் பயம். பயந்தவனுக்குப் பக்தி கொஞ்சம் அதிகமாகவே வந்துவிடுகிறது. மூடியைத் திறந்து கீபோர்டின் ஓரத்தில் சந்தனம் தடவினேன். மாவிலையை மஞ்சள் தண்ணீரில் தோய்த்துத் தெளிக்கப் போனேன்.

"தண்ணியெல்லாம் தெளிக்காதீங்க. மொதல்ல பதிஞ்சதையெல்லாம் வேற எதுலயாவது காப்பி பண்ணி வைங்க" என்றாள்.

"பூஜையில வெச்சதை இன்னிக்கு எடுக்கக் கூடாது. வந்து பண்ணிக்கலாம். நாலு சொட்டுத் தண்ணியில என்ன ஆயிடும்?" என்று எரிந்து விழுந்தேன். தெளித்தேன், மூடினேன். குரலோடு அவள் என்னிடம் போட்ட கடைசிச் சண்டை அதுதான்.

இரண்டு வாரம் கழித்து, கழுத்தில் ஓட்டையோடு அவளை வீட்டுக்கு அழைத்து வந்தேன். லேப்டாப்பைப் போட்டால், கறுப்புத் திரையில் 'பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்'. அணைத்து அணைத்துப் போட்டேன். செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தால் பேட்டரி இருக்கிறது, மெமரி இருக்கிறது, டிஸ்க் என்ற இடம் மட்டும் காலி. "ஏதோ கழண்டிருக்கும்" என்று அவளிடம் சொல்லிவிட்டு மேற்குத் தாம்பரத்தில் ஒரு பாயின் ரிப்பேர் கடைக்கு ஓடினேன்.

அவர் அடிப்பக்கத்தைக் கழற்றி, விரல் நீளத்துக்கு இருந்த டிஸ்க்கை உருவினார். அதன் முனையை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினார். ஒன்றுமில்லை. வேறு லேப்டாப்பில் மாட்டினார். அங்கும் இல்லை. விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார்.

"இன்னா சார் ஊத்துனீங்க உள்ள? மஞ்சளா கீது."

சொன்னேன்.

"ஆயுத பூஜை முடிஞ்சா நாலு மிசின் இப்டி வந்துடும் சார்." அதில் கிண்டல் இல்லை. "அன்னிக்கே கவுத்து காய வெச்சிருந்தா தப்பிச்சிருக்கும். இப்போ சிப்பே பூடுச்சு. இன்னா இருந்துச்சு உள்ள, ஆபீஸ் ஃபைலா?"

"ஆமாம்" என்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. தகவலை மீட்டுத் தரும் பெரிய இடத்துக்கு அவரே அனுப்பிப் பார்த்தார். ஒரு வாரம் கழித்து லேப்டாப்பை வாங்கப் போனபோது, அங்கேயும் கைவிரித்துவிட்டார்கள் என்றார். நோய் அவளை ஒரு தடவை ஊமையாக்கியது, நான் இன்னொரு தடவை ஆக்கினேன். பஸ்ஸில் வரும்போது அதைத் தவிர வேறு எதுவும் நினைக்க முடியவில்லை.

கதவைத் திறந்தவளிடம், "பழைய டிஸ்க்காம், தானாவே போயிடுச்சாம்" என்றேன்.

லேப்டாப்பை வாங்கித் திறந்தாள். கீபோர்டின் ஓரத்தில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டினாள். பிறகு நோட்டை எடுத்து எழுதி என் பக்கம் திருப்பினாள்.

'அப்பவே சொன்னேன்ல?'

திரும்பத் திரும்பப் படித்தேன். என் மண்டைக்குள் அது என் குரலில்தான் கேட்டது.