‘கடிக்குதுங்க’ என்று சொல்ல நாற்பத்து மூன்று வருஷம்

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செருப்புக் கடையில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

ஒரே வார்த்தைப் பொய்தான். "பரவால்லீங்க."

முதலிலிருந்து சொல்கிறேன்.

கோயமுத்தூரில் ஒரு ஜவுளிக்கடை, பட்டுச் சேலைப் பிரிவு, பதினொரு வருஷ சர்வீஸ். வேலை என்றால் நிற்பது. நடுநடுவே சேலை காட்டுவதும் உண்டு.

(உட்கார ஸ்டூல் கொடுத்திருக்கிறார்கள். அதில் உட்கார்ந்தால் உடனே ஒரு கல்யாண வீடு உள்ளே நுழையும்.)

ஆறு மாதமாகக் குதிகால் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் உயிர் போகும். நாலு எட்டு நடந்தால் கொஞ்சம் அடங்கும். சாயங்காலம் திரும்ப வந்துவிடும்.

நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டு மேனேஜர் கூப்பிட்டார்.

"அக்கா, ரொம்பச் சிரமப்படறீங்க. ஆவணி முகூர்த்தம் வந்தா கூட்டம் தாங்காதுங்க. ஆவணி பொறந்ததும் கீழ டெலிவரி கவுன்டருக்கு மாத்தி உட்டரட்டுங்களா? உக்காந்துக்கலாமுங்க."

நல்ல மனசோடுதான் கேட்டார். எனக்குத்தான் பிடிக்கவில்லை.

டெலிவரி கவுன்டரில் பில்லைப் பார்த்துப் பையை எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கல்யாணப் பெண் முகூர்த்தச் சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்க்கும்போது பக்கத்தில் நிற்கிற சந்தோஷம் அங்கே கிடையாது. அதை விட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது.

ஆனால் வாயில் வந்தது என்னவோ, "சரிங்க, பரவால்லீங்க."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா குதிகாலை அமுக்கிப் பார்த்தார். பிறகு என் செருப்பைக் கையில் எடுத்து இரண்டாக மடித்தார். தோசை மாதிரி மடங்கியது.

"இதப் போட்டுக்கிட்டா நாள் முழுக்கக் கல்லுத் தரைல நிக்கறீங்க?"

"ஆமாங்க."

"பாதத்துக்கு அடியில இருக்கற சவ்வு இழுபட்டுக் கெடக்குதுங்க. நான் சொல்ற பயிற்சிய விடாமச் செய்யுங்க. செருப்பையும் மாத்தோணும். விரல்கிட்டத்தான் மடங்கோணும், நடுவுல மடங்கக் கூடாதுங்க. பாத வளைவுக்கு முட்டுக் குடுக்கோணும், குதிகாலக் கெட்டியாப் புடிக்கோணும். சாயங்காலமாப் போய் வாங்குங்க, கால் வீங்கியிருக்கற அளவு அப்பத்தான் தெரியும்."

அப்படித்தான் டவுன்ஹால் பக்கம் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்கார பாய்க்கு என் வயதுதான் இருக்கும்.

எங்கள் கடை ரூல்ஸ்படி கறுப்புச் செருப்புதான் போட வேண்டும். பின்வார் வைத்த கறுப்பு சாண்டலாக எடுத்துக் காட்டினார். முதல் ஜோடி விரலை நெருக்கியது. இரண்டாவதில் உள்ளே இருக்கிற மேடு பாத வளைவுக்கு நேராக இல்லாமல் குதிகாலுக்குப் பக்கத்தில் குத்தியது. மூன்றாவது தொளதொளவென்று இருந்தது. நாலாவதில் வலது கால் விரல்களுக்கு இடம் சரியாக இருந்தது. இடது காலில் மட்டும் சுண்டுவிரல் நசுங்கியது.

தரையெல்லாம் டப்பாவும் காகிதமும். அவர் குனிந்தபடியே இருக்கிறார்.

இங்கேதான் என் வியாதி ஆரம்பம்.

நாற்பது சேலையைப் பிரித்துப் போட்டபின் வெறுங்கையோடு எழுந்து போகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள் நான். அந்தச் சேலைகளை மடித்து வைக்கிற எரிச்சல் எனக்குத் தெரியும். அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் மூன்று பொருளுக்கு மேல் எடுக்கச் சொல்ல மனசு வராது. கையில் இருப்பதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். (வீட்டில் மூன்று குக்கர் இருக்கிறது. ஒன்றுக்கு மூடி சேராது.)

"எப்படிங்கக்கா இருக்குது?"

"பரவால்லீங்க. இதையே போட்டுக் குடுத்துருங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. என் இடது காலையே பார்த்தார்.

"ஏனுங்கக்கா, நல்லா இருக்குதுன்னா சுண்டுவிரல எதுக்கு உள்ள மடக்கறீங்க?"

மாட்டிக்கொண்டேன்.

"நாலு டப்பா எறக்கிப்போட்டீங்கண்ணா. நானும் சேலைக் கடையில நிக்கறவதானுங்க. இதெல்லாம் திரும்ப எடுத்து வெக்கற கஷ்டம் தெரியுமுங்க."

அவர் சிரித்துவிட்டார்.

"டப்பாவ மூடி வெக்க எனக்கு ரெண்டு நிமிசம் ஆகுமுங்க. புடிக்காத சேலைன்னா பீரோவுல கெடக்கும். புடிக்காத செருப்பு காலுலயில்லீங்க கெடக்கும்? கடிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லுங்க, வேற எடுத்தாரேன்."

நாற்பத்து மூன்று வயதில் ஒரு கடையில் முதல்முறையாகச் சொன்னேன். "கடிக்குதுங்க."

"எங்கங்க?"

"எடது சுண்டுவிரல்கிட்டங்க. நடுவுல முட்டும் பத்தலீங்க. பின்வாரு வேற லூசுங்க."

(ஆரம்பித்தபின் நிறுத்தத் தெரியவில்லை.)

ஒரு அட்டை மேல் என்னை நிற்க வைத்து இரண்டு காலையும் பேனாவால் சுற்றி வரைந்தார். இடது பாதம் வலதைவிட அகலம். இத்தனை வருஷமாக வலது காலை மட்டும் நீட்டி, அந்த அளவுக்கே வாங்கியிருக்கிறேன்.

ஏழாவது டப்பாவில் அகலமான ஜோடி வந்தது. வாசல் வரை இரண்டு தடவை நடந்தேன். குதிகால் அசையாமல் உட்கார்ந்தது, விரல்கள் எல்லாம் தாராளமாக நீண்டன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. (செருப்புக் கடையில் அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.)

மாயம் ஒன்றும் நடக்கவில்லை. பயிற்சி தினமும் செய்கிறேன். காலை முதல் அடியில் இன்னும் சுருக்கென்று குத்துகிறது, ஆனால் உயிர் போவதில்லை. சுவரைப் பிடிக்காமல் சமையலறைக்குப் போகிறேன்.

நேற்று மேனேஜர் வந்தார். "அக்கா, நாளையிலிருந்து கீழ வந்துருங்க."

'சரிங்க' நுனிநாக்கு வரை வந்துவிட்டது. முழுங்கினேன்.

"வேண்டாமுங்க. நான் மேலயே இருக்கறனுங்க. கால் தேவலையாயிட்டு வருதுங்க. ஆள் இல்லாதப்ப ஸ்டூல்ல உக்காந்துக்கறேன், அதுக்கு மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க."

"அன்னைக்குச் சரின்னீங்களேங்கக்கா?"

"அது பொய்யிங்க."

"அப்ப மேலயே இருங்க. பவானியில இருந்து ஒரு கல்யாணப் பார்ட்டி வந்திருக்குது, போய்ப் பாருங்க."

பார்த்தேன். ஐம்பத்திரண்டு சேலை பிரித்துப் போட்டேன். ஒன்றுகூட எடுக்காமல் போனார்கள்.

ஐம்பத்திரண்டையும் நின்றுகொண்டே மடித்து அடுக்கினேன். குதிகால் மூச்சே விடவில்லை.