ரோமாபுரியை மட்டாஞ்சேரியிலிருந்து படித்தவர்

கொச்சி மட்டாஞ்சேரியில், எங்கள் குடும்பத்து மிளகு மண்டிக்குப் பின்னால் இருந்த வீட்டில் பிறந்தவர் எங்கள் அக்கா. அப்பா சீக்கிரமே போய்விட்டார். கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டே என்னைக் கரையேற்றியவரும், மண்டியை மூடவிடாமல் காத்தவரும் அக்காதான். தமக்கென்று அவர் ஆசைப்பட்டது முனைவர் பட்டம் ஒன்றுக்குத்தான். அதற்கும் தலை நரைத்த பிறகே நேரம் கிடைத்தது.

எடுத்துக்கொண்ட தலைப்பைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. நம்மை ஆண்ட வெள்ளைக்கார அதிகாரிகள் பள்ளிப் பருவம் முதலே கிரேக்க, லத்தீன் நூல்களில் ஊறியவர்களாம். அதனால் தங்களை ரோமானியர்களாகவும், நம்மை ரோம் திருத்தி ஆண்ட முரட்டுக் கூட்டமாகவும் எண்ணிக்கொண்டார்களாம். மூல நூல்களையே படிக்க வேண்டும் என்று, ஞாயிறுதோறும் பஸ் பிடித்து ஆலுவா போய் ஒரு பாதிரியாரிடம் லத்தீன் கற்றார்.

“ரோமாபுரிக்காரன் இந்தக் கரைக்கு எதுக்கு வந்தான் தெரியுமாடா? மிளகு வாங்க. ஆள இல்ல. அதையும் அந்தப் புஸ்தகங்கள்லயே எழுதி வச்சிருக்கான். வெள்ளைக்காரன் அதைக் கண்டுக்காமப் போயிட்டான்” என்பார்.

“அப்ப அவன் நம்ம கஸ்டமரா அக்கா?” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கும்போது புற்றுநோய் என்று தெரிந்தது. “எழுதினது போதும், ரெஸ்ட் எடு அக்கா!” என்று கத்தினேன். “ரெஸ்ட்தான்டா எடுக்கப் போறேன், அவசரப்படாதே” என்றார். அழுகை தாங்காமல் மண்டிக்கு ஓடிவிட்டேன். சாப்பாடு இறங்காத நாட்களிலும் உட்கார்ந்து எழுதி முடித்தார்.

வாய்மொழித் தேர்வை யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்றார்கள். விடுவோமா? மண்டிக்காரர்கள் கடையை அடைத்துவிட்டு வந்து பின்வரிசையை நிரப்பினார்கள். அங்கே மலையாளத்தில் நடந்த பேச்சைத் தமிழில் தருகிறேன்.

“டீச்சரே, வெள்ளைக்காரங்க அந்த நூல்களைப் படிக்காம இருந்திருந்தா நம்மை ஆளாம விட்டிருப்பாங்களா?” என்று மடக்கினார் தேர்வாளர்.

“விட்டிருக்க மாட்டாங்க சார். ஆனா கொஞ்சம் கூச்சம் இருந்திருக்கும். அந்தப் படிப்பு கூச்சத்தை எடுத்துடுச்சு” என்றார் அக்கா.

பின்வரிசை கை தட்டியது. தேர்வாளரும் சிரித்தபடி, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். அடுத்த மாதம் அக்கா எங்களை விட்டுப் போனார். வலியிலும் அவர் முகம் தெளிந்திருந்தது. அதுவே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

லத்தீன் சொல்லிக்கொடுத்த பாதிரியாருக்கும், காக்கநாட்டில் வேலை முடிந்ததும் நேரே வந்து தட்டச்சு செய்து கொடுத்த அக்காவின் பழைய மாணவிகளுக்கும், தாயைப் போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இன்று காரியத்துக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இந்த நினைவு மலரின் அட்டையில் அக்கா பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ என்று போடச் சொன்னேன். அச்சகக்காரர் தயங்கினார். “சர்டிபிகேட் கிட்டியோ சேட்டா?”

“வரும். நீங்க போடுங்க” என்றேன்.