பவுடர் பூசியவள் நான்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

இதை வாசிக்க முன்வந்த தங்களுக்கு என் வணக்கம். நான் பள்ளிக்கூடத்துப் படி ஏறியவள் அல்லள். குளிர்காற்று புகாதிருக்க தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், காம்பரா எனப்படும் எங்கள் ஒற்றை அறையின் சுவரில் ஒட்டியிருந்த பழைய செய்தித்தாள்களைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கூட்டினேன். ஆகையால் நடையில் குற்றம் இருப்பின் பொறுத்தருள வேண்டும். சொல்லப் போகும் செய்தி அற்பமானதாகத் தோன்றலாம். அது என் முகத்தில் வடிந்த எண்ணெயைப் பற்றியது.

இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைக்கு மேலே, பேருந்து மூன்று வளைவுகளில் திணறி ஏறும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தேன். பெற்றோர் காலமான பின் அண்ணனும் மதினியும் என்னை வைத்துக்கொண்டார்கள். பதினாறு வயதிலிருந்து என் முகத்தில் எண்ணெய் வடியத் தொடங்கிற்று. பல் கிட்டும் குளிரிலும் நெற்றியும் மூக்கும் மினுமினுக்கும். மற்றப் பெண்களின் கன்னங்கள் பனியில் வெடித்து அவர்கள் தேங்காயெண்ணெய் தேடும் காலத்தில், நான் துடைத்துக்கொண்டிருப்பேன்.

"ஒம் மூஞ்சியில ரெண்டு தோச சுட்டுறலாம் புள்ள, எண்ணெ மிச்சம்" என்பார் மதினி. கேலிதான். எனினும் என்னைப் பெண் பார்க்க வந்த முதல் இரண்டு குடும்பத்தாரும் திரும்பி வராதபோது, அந்தக் கேலியை அவர் நிறுத்திவிட்டார். அது நின்றதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

செய்யாத வைத்தியம் இல்லை. கடலைமாவு தேய்த்தேன். எலுமிச்சம்பழச் சாறு பூசி எரிச்சலில் அழுதேன். நாளைக்கு ஏழெட்டு முறை, மலையிலிருந்து குழாய் வழி விழும் பீலித் தண்ணீரில் சவர்க்காரமிட்டுக் கழுவினேன். கழுவக் கழுவ எண்ணெய் கூடியதேயன்றிக் குறையவில்லை. முகத்தை வதைத்தால் அது இன்னும் அதிகமாய்ச் சுரக்கும் என்று நானே கண்டறிய ஓராண்டு ஆயிற்று. பிறகு காலையும் மாலையும் மட்டும் பயற்றமாவால் மெதுவாகக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்தேன். ஓரளவு அடங்கியது.

அந்நாளில் எனக்கு ஸ்டோரில் வேலை கிடைத்தது. தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்றே சொல்வோம். காய்ந்த தேயிலையைத் தட்டில் பரப்பி, அதிலுள்ள குச்சிகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். மழையில்லை, அட்டையில்லை. ஆனால் தேயிலைத் தூசி எண்ணெய் முகத்தை விடாது. பத்து மணிக்குள் என் முகம் கருந்தூள் அப்பிக்கொண்டு நிற்கும்.

அதற்கு வழி சொன்னவள் எனக்கு எதிரே அமர்ந்திருந்தவள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். அக்கா என்றே அழைத்தேன். முந்தைய ஆண்டு மலையில் கொழுந்து பறிக்கும்போது சரிவில் விழுந்து கால் முறிந்து, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அவளால் மலை ஏற இயலாது. அதற்காகவே உட்கார்ந்து செய்யும் இவ்வேலையைத் தந்திருந்தார்கள். இந்த இடம் போனால் அந்தக் காலோடு அவள் மீண்டும் சரிவுக்குத்தான் போக வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்தில் வெள்ளித்தாளோடு சேர்த்து மெல்லிய தாள் ஒன்றை விரிப்பார்கள். அதன் வெட்டுத் துண்டுகள் கீழே கிடக்கும். அவற்றில் ஒன்றை எடுத்து என் மூக்கின் மேல் அழுத்தி, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

"பாரு, கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. துடைக்காத புள்ள, ஒத்தி எடு. துடைச்சா தூளு உள்ளார போயிரும்."

அன்றிலிருந்து அவளே எனக்குக் கண்ணாடி. முகத்தில் தூசி எங்கே இருக்கிறதென்று கண்ணால் காட்டுவாள். நான் ஒற்றி எடுப்பேன். அந்தத் தோட்டத்தில் என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியவள் அவள் ஒருத்தியே.

ஸ்டோரில் பூவுக்கும் வாசனைத் தைலத்துக்கும் பவுடருக்கும் கண்டிப்பான தடை இருந்தது. ஆலைப் பொறுப்பாளரான டீமேக்கர் ஐயா யாழ்ப்பாணத்தவர். "தேயிலை பொல்லாத சாமான். பக்கத்திலை என்ன மணக்குதோ அதைக் குடிச்சுப்போடும்" என்று அடிக்கடி சொல்வார்.

மூன்றாவது சம்பந்தம் கொத்மலையிலிருந்து வந்தது. மாப்பிள்ளையின் தாயும் தமக்கையும் ஒரு வேலைநாளில் வருவதாகவும், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருப்பதால் ஸ்டோர் வாசலிலேயே என்னைப் பார்த்துப் போவதாகவும் சொல்லியனுப்பினார்கள். வேலை விட்டதும் காம்பராவுக்குப் போய் முகம் கழுவ நேரமிராது. மதினி கடைவீதியில் வாங்கி வந்த மல்லிகை மணப் பவுடரில் கொஞ்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். அச்சம் இருந்தது. ஆயினும் முடிந்துகொண்டு போனேன்.

பகல் இடைவேளையில் ஸ்டோரின் பின்புறக் குழாயடியில் முகம் கழுவினேன். அக்கா பவுடரைத் தன் உள்ளங்கையில் கொட்டி, என் நெற்றியிலும் கன்னத்திலும் பிடரியிலும் பரப்பி, அதன் மேல் தாளை வைத்து ஒற்றினாள்.

"அய்யோ, சினிமாக்காரி தோத்துப் போவா! சிரிக்காத, கோடு விழுது."

என் கை பவுடரைத் தொடவேயில்லை. அவள் கையைக் குளிர்ந்த நீரில் அலம்பிக்கொண்டாள். பிற்பகல் முழுவதும் என் முகத்திலிருந்து தேயிலையில் எதுவும் உதிராதபடி பின்னால் சாய்ந்தே வேலை செய்தேன். அவள் கையைப் பற்றி நான் எண்ணவில்லை.

நான்கு மணியளவில் டீமேக்கர் ஐயா சுற்றி வந்தார். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். என் தட்டைக் கடந்தார். அவள் தட்டில் நின்றார்.

"ஆர் பவுடர் பூசினது?"

அவர் எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்தார். என்னிடம் வந்தபோது பக்கத்திலிருந்த ஒருத்தி, "அந்த மூஞ்சியில பவுடரு நிக்குமாங்க ஐயா? ஈ உக்காந்தாலே வழுக்கி விழுந்துரும்!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் புன்னகைத்து என்னை விட்டு நகர்ந்தார். நான் அவ்வளவு பாடுபட்டுப் பூசியதை அதற்குள் என் முகத்து எண்ணெய் விழுங்கிவிட்டிருந்தது.

"கையைக் காட்டு" என்றார் அவளிடம். நகக்கண்களில் வெள்ளை இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. "நாந்தாங்க" என்றாள்.

நான் வாய் திறக்கவில்லை.

மாலையில் கொத்மலைப் பெண்கள் இருவரும் வாசலில் என்னைப் பார்த்தார்கள். மரியாதையாகப் பேசி, முடிவைச் சொல்லியனுப்புவதாகக் கூறிச் சென்றார்கள். மறுநாளிலிருந்து அக்காவைக் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பினார்கள். உண்மையைச் சொன்னால் ஸ்டோரிலிருந்து என்னைத் துரத்துவார்கள், அச்செய்தி கொத்மலைக்கு எட்டினால் சம்பந்தம் கெடும் என்று அஞ்சினேன். பதில் வந்த பின் உண்மையைச் சொல்லலாம் என்று எனக்கு நானே தவணை கொடுத்தேன். ஒன்பது நாள் கழிந்து பதில் வந்தது. பக்கத்துத் தோட்டத்திலேயே உறவில் பெண் அமைந்துவிட்டதாம். என் முகத்தைப் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அன்றே டீமேக்கர் ஐயாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"இப்பவோ வந்து சொல்லுறாய்? அவளின்ரை இடத்துக்கு ஆள் போட்டாச்சு."

"அப்ப என்னயும் மலைக்கு அனுப்பிருங்கய்யா."

"நீ போனா அவளுக்குக் கால் நேராகுமோ? போய் வேலையைப் பார்."

தண்டனைகூட எனக்குக் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பீலியடியில் அக்காவைக் கண்டேன். காலை இழுத்துக்கொண்டு வாளியோடு வந்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"தெரியும் புள்ள, நீ பயந்துட்ட" என்றாள். "மொத நாளு நீ சொல்லுவேன்னு பாத்தேன். ரெண்டாம் நாளும் பாத்தேன். பொறகு பாக்கல."

வாளியைத் தூக்க நான் கை நீட்டினேன். அவள் அதை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

மலையில் அவளுக்குப் பவுடர்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பின்தங்கி ஏறி வரும் போதெல்லாம், "பவுடர்காரி மேக்கப்பு முடிச்சிட்டு வர்றாடோய்" என்று கூவினார்கள். நான் இருவரிடம் உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை, என் முகத்தில் பவுடர் நிற்காது என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த ஆண்டு அவள் கணவன் கினிகத்தேனைப் பக்கம் தன் உறவினரிடம் குடும்பத்தை அழைத்துச் சென்றான். பேருந்தில் ஏறும்போதும் யாரோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

நான் அதே இடத்தில் இருந்தேன். எதிரே யார் யாரோ வந்து அமர்ந்தார்கள். எவரிடமும் என் முகத்தில் தூசி எங்கே என்று கேட்கவில்லை. தாளை எடுத்து உத்தேசமாக ஒற்றிக்கொள்வேன். மணமும் அமையவில்லை, பிறகு நானும் நாடவில்லை.

இன்று என் முகத்தில் எண்ணெய் இல்லை. அது வற்றிப் பல ஆண்டுகள் ஆயின. எனினும் காலையில் பயற்றமாவால் கழுவியதும், பழக்கத்தால் ஏதேனும் ஒரு மெல்லிய தாளை நெற்றியில் அழுத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். தாள் வெறுமையாகவே இருக்கிறது.

ஐயா, அம்மா, அவள் பவுடர் பூசவில்லை. பூசியவள் நான். இது வேறெங்கும் எழுதப்படவில்லை. இந்தத் தாள்களை எறிந்துவிடாமல் தங்களிடம் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.