டுரியான் கேள்விக்கு நான்காவது விடை

விதி ஆறு: தேர்வு எழுதுபவர் பிறர் உதவியின்றித் தாமே விடையளிக்க வேண்டும். விதி ஒன்பது: முடிவை எதிர்த்து வரும் முறையீட்டுக்குத் தலைமையகம் இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். இரண்டும் நல்ல விதிகள். அரசாங்க அலுவலகத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் விதிகளோடு குடும்பம் நடத்தியவன் சொல்கிறேன், எழுத்தில் ஒரு குறையும் இல்லை. கடைப்பிடிக்கத்தான் ஆளில்லை.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் என் விதிகளுக்கு மதிப்பில்லை. அதனால் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலை பகுதிநேர வேலைக்குக் கூப்பிட்டதும் ஒப்புக்கொண்டேன். ஊழியர்களுக்குப் பணிநெறி வகுப்பு எடுக்க வேண்டும், முடிவில் கணினியில் தேர்வு வைக்க வேண்டும். வகுப்புள்ள நாள்களில் தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுனிலிருந்து ஃபெரி ஏறி அக்கரைக்குப் போவேன். தேர்வில் பத்துக் கேள்விகள். பத்தும் சரியாக இருந்தால்தான் தேர்ச்சி. நேர்மையில் தொண்ணூறு விழுக்காடு என்று ஒன்று இருக்க முடியாது என்பது தலைமையகத்தின் கருத்து. தலைமையகம் வேறு நாட்டில் இருக்கிறது. அங்கே அப்படித்தான் போலும்.

ஒரு முறை எல்லாரும் தேர்ச்சி, ஒருவரைத் தவிர. பேக்கிங் பிரிவில் லைன் லீடராக இருந்த பெண்மணி. நாற்பது வயதிருக்கும். வகுப்பில் என் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் "ஆனா" வைத்திருந்தவர். சூப்பர்வைசர் பதவி அவருக்கென்று கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. இந்தச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அது இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள்.

அவர் தவறவிட்டது ஏழாம் கேள்வி. 'பொருள் விநியோகிப்பவர் உங்களுக்குப் பழக்கூடை அனுப்புகிறார். என்ன செய்வீர்கள்?' சரியான விடை இரண்டாவது: பிரிக்காமல் மனிதவளப் பிரிவில் ஒப்படைத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பது. அவர் தேர்ந்தெடுத்தது நான்காவது: எல்லாருக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டு மேலதிகாரியிடம் சொல்வது.

கேன்டீனில் அவரிடம் காரணம் கேட்டேன். போன சீசனில் அட்டைப்பெட்டி தரும் கம்பெனியின் லாரிக்காரர் அவர் பெயரைச் சொல்லி வாசல் காவலரிடம் ஒரு மூட்டை டுரியானைப் போட்டுவிட்டுப் போய்விட்டாராம். அன்று சனிக்கிழமை, மனிதவளப் பிரிவு பூட்டியிருந்தது. பழம் அன்றைக்குத்தான் மரத்திலிருந்து விழுந்தது. ஊரையே தூக்கும் வாடையுள்ள அந்தப் பழத்தைத் திங்கட்கிழமைவரை குளிர்சாதன அறையில் பாதுகாத்தால் என்ன ஆகும் என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளியே மேசை போட்டு, காவலர் முதல் துப்புரவு அக்காமார்வரை எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறார். ஏதோ வேலையாக வந்திருந்த மேனேஜரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு அவருக்கும் சுளை கொடுத்திருக்கிறார். பிறகு அந்தக் கம்பெனி முதலாளிக்கு போன் போட்டு, பழம் நன்றாக இருந்தது, எல்லாரும் சாப்பிட்டோம், இனிமேல் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. பக்கத்து மேசையிலிருந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் சொன்னார். மறுவாரமே அதே கம்பெனியின் பெட்டிகள் ஈரமாக வந்தனவாம். முழு லாரியையும் அக்கா திருப்பி அனுப்பிவிட்டதாம்.

இதைவிடச் சுத்தமாக ஒரு பரிசை யாரும் செயலிழக்கச் செய்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் நான் பழக்கதோஷத்தில் வழிமுறையைச் சொன்னேன். மறுதேர்வு உண்டு, கேள்வியும் அதேதான், இரண்டாவதை அழுத்தினால் போதும், அடுத்த வாரமே சூப்பர்வைசர்.

"மறுபடி மூட்டை வந்தா நான் அதேதான் செய்வேன் அண்ணே. செய்யாததச் செய்வேன்னு சொல்லித்தான் நேர்மைக்கு சர்டிபிகேட் வாங்கணுமா?"

ஃபோர்க்லிஃப்ட் தம்பி சிரித்தார். தேர்வில் அவர் பத்துக் கேள்விகளையும் முடித்த நேரத்தில் என்னால் முதல் கேள்வியைக்கூடப் படித்து முடித்திருக்க முடியாது. அது எப்படி என்று இப்போது கேட்டேன். கூச்சமே இல்லாமல் கைத்தொலைபேசியை நீட்டினார்.

"வாட்ஸ்அப்புல விடையப் போட்டேண்ணே, எல்லாருக்கும் உதவியா இருக்குமேன்னு. அக்காவுக்கும் அனுப்புனேன். பாக்காமயே அழிச்சிருச்சி லா."

ஆக, நேர்மைத் தேர்வில் எல்லாரும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பார்க்காமல் எழுதிய ஒரே ஆள் தோற்றிருக்கிறார். அன்று ஃபெரியில் என்னால் உட்கார முடியவில்லை. தண்டவாளம்போல் நேராகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் யாரோ ஒரு கிளைவழியைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது. முறைகேட்டை அறிந்தவர் தெரிவித்தாக வேண்டும் என்று பணிநெறிக் கையேடு சொல்கிறது. தெரிவித்தால் அத்தனை பேர் சான்றிதழும் போகும். ஃபோர்க்லிஃப்ட் தம்பியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் மாதம் வேறு. தெரிவிக்காமல் அந்த அம்மாவுக்கு மட்டும் முறையீடு எழுதினால், மற்ற எல்லாருக்கும் தெரிந்த விடை இவருக்கு ஏன் தெரியவில்லை என்பார்கள். இத்தனை ஆண்டுகளில் விதிகள் எடுத்த முடிவுகளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நானாக எடுக்க வேண்டிய முடிவு இப்போதுதான் வந்திருந்தது, பென்ஷன் வாங்கும் வயதில். பயமாக இருந்தது. பயத்தைவிட உற்சாகம் அதிகமாக இருந்தது.

தேர்வு முடிவுகளைப் பேச அதே ஆள்கள் கூடிய அடுத்த வகுப்பில் திரையை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். முறையீடு எழுதப்போகிறேன், விடைகள் பரவியதையும் எழுதுவேன், யார் பெயரையும் நான் போடமாட்டேன், சொல்ல விரும்புபவர்கள் தாங்களே சொல்லலாம் என்றேன்.

அறை சந்தையாகிவிட்டது. மலாய்த் தொழில்நுட்பர் ஒருவர், லாரிக்காரரைத் திரும்பக் கூப்பிட்டு மூட்டையை ஏற்றி அனுப்பியிருக்க வேண்டும் என்று வாதாடினார். ஸ்டோரில் வேலை செய்யும் சீனப் பெண், அந்த ஆள் ஏற்கெனவே தீவின் மறுகோடியில் இருக்கும் பாலிக் பூலாவுக்குப் பாதி வழி போயிருப்பார் என்றார். பழத்தைத் தின்றுவிட்டுப் பெட்டியைத் திருப்பி அனுப்பியது நன்றிகெட்ட செயல் என்றார் ஒருவர், அதுதான் சரியான செயல் என்றார்கள் நான்கு பேர். நான் நடத்திய வகுப்புகளிலேயே யாரும் கடிகாரத்தைப் பார்க்காத வகுப்பு அது.

கடைசியில் ஃபோர்க்லிஃப்ட் தம்பி எழுந்தார். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"நாந்தான் அனுப்புனேன். எம்பேர மொதல்ல போடுங்க."

"ஒனக்குக் கான்ட்ராக்ட் இருக்குடா, ஒக்காரு" என்றார் அந்த அம்மா.

"இருக்கட்டும்க்கா. நீங்க மட்டும் ஃபெயிலாயி நிக்கிறது நல்லா இல்ல."

தொழில்நுட்பர் தன் பெயரையும் எழுதச் சொன்னார். பிறகு ஸ்டோர் பெண். பிறகு வரிசையாக எல்லாரும். சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த மேனேஜர், தாமும் டுரியான் சாப்பிட்டதைக் குறிப்பிடும்படி சொன்னார். பதில் வரும்வரை வெளியாள் எடுப்பதில்லை என்றும், சூப்பர்வைசர் வேலையை அந்த அம்மாவே பார்க்கட்டும் என்றும் ஒப்புக்கொண்டார். பதவி இல்லாத வேலை. எனக்கு நன்கு பழக்கமான ஏற்பாடு.

முறையீடு போனது. தீபாவளி போனது. நினைவூட்டல் அனுப்பினேன். உங்கள் கடிதம் எங்களுக்கு முக்கியம் என்று இயந்திரம் பதில் போட்டது. கிறிஸ்துமஸும் போனது. தம்பியின் ஒப்பந்தத்தை மேனேஜர் தம் பொறுப்பில் கொஞ்சகாலத்துக்கு நீட்டித்தார். அந்த அம்மா தினமும் லைனில் நின்றார், என்னிடம் ஒருமுறைகூட எதுவும் கேட்கவில்லை. நான்தான் ஒவ்வொரு முறை ஃபெரியை விட்டு இறங்கும்போதும் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்த பதில் அரைப்பக்கம். கெட்டுப்போகும் பொருள்களைப் பகிர்ந்துவிட்டுத் தெரிவிக்கலாம் என்று கையேடு திருத்தப்படுகிறது. நான்காவது விடை ஏற்கப்படுகிறது. அந்த ஊழியர் தேர்ச்சி பெற்றார், பதவி உயர்வு உறுதி. தாங்களே ஒப்புக்கொண்டதால் மற்றவர்கள் மேல் நடவடிக்கை இல்லை, ஆனால் வகுப்பில் இருந்த அனைவரும் மறுபடி தேர்வு எழுத வேண்டும், பயிற்றுநர் உட்பட.

லைனுக்கே ஓடிப்போய் அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டுத் தாமே ஒருமுறை படித்தார், பிறகு தம்பியின் தோளில் ஓர் அடி வைத்தார். அது தைப்பூசத்துக்கு முந்திய நாள்.